நம்பர் பெட்டிக்குள் இருக்கிறது

எங்கள் கோவிந்தாபுரத்தில் முன்பு ஒரு ஆபீஸ் இருந்தது. அது இருந்த காலத்தில் நான் செய்த காரியம் ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். ஆபீஸை மட்டும் நன்றாகத் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று பல தடவை முயன்று பார்த்தேன். முடியவில்லை. ஆகவே இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

ஆபீஸின் பெயர் 'எல்லைப்புற வானொலிப் பெட்டி உரிமச் சரிபார்ப்புக் கிளை அலுவலகம்'. செக்போஸ்டுக்குப் பக்கத்தில், என் புண்ணாக்குக் கடைக்கு நேர் மேலே மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தின் நீளத்துக்கு அடங்கவில்லை. அறுப்பதற்கு மேலிடத்து அனுமதி வராததால் ஒரு முழம் ரோட்டின் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றது. வைக்கோல் வண்டிகள் அதில் போய் இடிக்கும். இடித்த வண்டிக்காரர் மேலே ஏறிப் போய், தான் இடித்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். அதைச் சரிபார்க்க எங்களுக்கென்று தனியாக ஒரு ஆபீஸ் ஏன் வந்தது என்றால், நாங்கள் எல்லையில் இருக்கிறோம். பெட்டி கேரளத்தில் இருக்கிறது, பாட்டு தமிழ்நாட்டிலிருந்து வருகிறது. யாரோ மேலே உட்கார்ந்து இதைப் பற்றி ரொம்ப நாள் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

என் அக்கா செல்லாத்தாள் சின்ன வயசிலேயே தாலியறுத்தவள். அவள் மகள் கமலாத்தாளை ஐந்து வயசிலிருந்து நான்தான் படிக்க வைத்தேன். எழுபத்து நாலாம் வருஷம் வைகாசியில் மீனாட்சிபுரத்தில் நாலு எருமையும் தோப்பும் உள்ள வெள்ளிங்கிரியின் மகனுக்கு அவளைக் கொடுத்தோம். தாய்மாமன் சீராக ரேடியோ வைப்பதாகப் பரிசத்தன்றே நான் சபையில் சொல்லிவிட்டேன். யாரும் கேட்கவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கல்யாணம் நெருங்கியபோது புதுப் பெட்டி வாங்கக் கைக்கு எட்டவில்லை. மூணாருக்கு மேலே மாட்டுப்பட்டிப் பக்கம் தீவன லாரியோடு போனபோது, எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ரிட்டயரான சுவக்கீன் என்பவர் தன் பழைய வால்வு ரேடியோவை விற்கப் போவதாகச் சொன்னார். வாங்கிவந்து பொள்ளாச்சியில் ஒரு ஆசாரியிடம் கொடுத்தேன். பெட்டிக்கு வார்னிஷ் அடித்து, முன்பக்கத் துணியை மாற்றி, திருகுகளையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். பார்த்தால் கடையிலிருந்து வந்தது மாதிரியே இருந்தது.

கல்யாண மண்டபத்தில் சீர் படித்தவன், "தாய்மாமன் நாட்ராயன் சீரு, புத்தம் புது ரேடியோ ஒண்ணு" என்று கத்தினான். அவனாகவே சேர்த்துக்கொண்ட சொல் அது. நான் மறுத்துச் சொல்லவில்லை. தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

லைசென்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது என்றில்லை. மாட்டை வாங்கினால் மூக்கணாங்கயிறும் சேர்ந்தே வருகிறது அல்லவா, அதுபோல ரேடியோவை வாங்கினால் லைசென்சும் அதோடு வந்துவிடும் என்று நினைத்தேன். தீவனக்காரன் புத்தி. எங்கள் பக்கத்தில் பாதிப்பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம், மேல்மாடி ஆபீசர் ஜீப்பில் மீனாட்சிபுரம் போய், வேளாண் செய்தி கேட்டுக்கொண்டிருந்த வெள்ளிங்கிரியின் முன்னாலிருந்து ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சாக்கில் போட்டுக் கட்டி மூன்று இடத்தில் அரக்கு சீல் வைத்தார்கள். மறுநாள் வெள்ளிங்கிரி என் கடைக்கு வந்தார். கோபமாகப் பேசுகிற மனுஷர் இல்லை. அதுதான் பயம்.

"மாப்ள, ஊரே வந்து கேக்குதுங்க. காயிதமில்லாத பெட்டின்னா எங்கிருந்து வந்துச்சுன்னு. நான் என்னன்னு சொல்றதுங்க?"

"ஒரு வாரத்துல எடுத்துத் தந்தர்றனுங்க மாமா."

"சாவகாசமா எடுங்க. ஆடிக்குப் புள்ளைய உங்கூட்டுக்கு அனுப்பறோம். ஆடி முடிஞ்சு வாரப்ப பெட்டியோடவே வரட்டும்."

பெட்டி இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இருவரும் சேர்ந்தே மாடி ஏறினோம். ஆபீசர் நெற்றியில் சந்தனக்குறி வைத்து, மேஜை மேல் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். எதிரில் கிளார்க் செபாஸ்டின். அவன் இடுக்கி எஸ்டேட் பக்கத்துப் பையன், பெரிய பதிவேட்டுக்குப் பின்னால் தலை மட்டும் தெரியும்.

"நாட்ராயன், முதல்ல ஒரு காரியம் மனசிலாக்கணும்" என்றார் ஆபீசர். "இந்த ஆபீஸ் ஜனங்களை உபத்திரவிக்க வந்ததில்ல. நாங்க வந்த பின்ன இந்த ஏரியாவுல லைசென்ஸ் இல்லாத செட்டு எத்தனைன்னு எண்ணி நோக்கினோம். நூத்திப் பதினாலு. நாங்க வர்றதுக்கு முன்ன எத்தனை? ஒண்ணுகூட இல்ல. ஏன்னா எண்ணுறதுக்கு ஆளில்ல. இப்ப தெரியுதோ, இந்த ஆபீஸ் எவ்வளவு அவசியம்னு?"

வெள்ளிங்கிரி தெரிகிறது என்று தலையாட்டினார். எனக்கும் ஆட்ட வேண்டியிருந்தது.

"சரி. செட்டோட லைசென்ஸ் நம்பர் என்ன?"

"தெரியலீங்க."

"இந்தியாவுல பாடுற எந்த செட்டா இருந்தாலும் அதுக்கு ஒரு நம்பர் எங்கயாவது இருக்கும். வித்தவன் பேர்ல இருக்கும், வாங்கினவன் பேர்ல இருக்கும். நம்பர் இல்லாதது செட்டே இல்ல."

"அப்ப நீங்க புடிச்சுட்டு வந்தது என்னதுங்க?"

"அது விசாரணையில தெரியும்" என்றார்.

செபாஸ்டின் ஒரு ஃபாரத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினான். கொடுத்தவர் பெயர், பெற்றவர் பெயர், உறவு. பிறகு தலையைத் தூக்கி, "பெட்டி புதுசா, பழசா?" என்று கேட்டான். வெள்ளிங்கிரி என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு என் காதில் விழுந்தது.

"புதுசுங்க" என்றேன்.

'புதியது' என்று மசியால் எழுதினான். ஆபீசர் அதன் மேல் ரப்பர் ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார். மேஜை ஆடியது.

நம்பர் கேட்டு மனுக் கொடுக்கலாம் என்றார்கள். மனுவில் நிரப்ப வேண்டிய முதல் காலம் 'லைசென்ஸ் எண்'. அதில் 'தெரியாது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று நாள் மேலே பதிவேடுகளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. புரட்டப் புரட்டப் பலகை இடுக்கு வழியாகத் தூசி என் பருத்திக்கொட்டை மேல் விழுந்தது. ஐந்தாம் நாள் பதில் வந்தது. கீழே எட்டிப் போட்டிருந்தால் என் மடியில் விழுந்திருக்கும், ஆனால் தபாலில்தான் அனுப்பினார்கள். 'தங்கள் மனுவில் கண்ட தெரியாது என்ற எண்ணில் இவ்வலுவலகப் பதிவேடுகளில் பெட்டி எதுவும் காணப்படவில்லை. சரியான எண்ணுடன் மீண்டும் அணுகவும்.'

செபாஸ்டினைக் கீழே டீக்கடையில் பிடித்தேன். "ஏப்பா, தெரியாதுங்கறது ஒரு நம்பராப்பா?"

"எனக்குத் தெரியாதா அண்ணாச்சி? நம்பர் காலத்துல என்ன எழுதியிருக்கோ அதைத் தேடித்தான் ஆவணும். தேடலைன்னா நான் தேடலைன்னு எழுதிருவாங்க" என்றான். பாவம், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

ஆடி பிறந்தது. கமலாத்தாள் ஊருக்கு வந்தாள். எங்கள் கடைக்கும் அக்கா வீட்டுக்கும் ஒரு சுவர்தான். காலையில் எனக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மேலே பலகையைப் பார்ப்பாள். அவளுடைய சீர் எங்கள் தலைக்கு மேல் பத்தடி உயரத்தில் சாக்குக்குள் இருந்தது.

"ஏனுங் மாமா, அங்கெல்லாம் ஒண்ணுஞ் சொல்றதில்லீங்க" என்று ஒரு நாள் அவளாகவே சொன்னாள். "அத்தைதான் வாரவங்ககிட்டயெல்லாம், பெட்டி எங்கேன்னு எங்ககிட்டக் கேக்காதீங்க, மருமககிட்டக் கேளுங்கன்னு சொல்லுவாங்க. அவ்வளவுதானுங்க."

அவ்வளவுதான் என்று சொன்னவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்குப் புண்ணாக்கு மூட்டைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் என்றிருந்தது.

அன்று மத்தியானம் தனியாக மாடி ஏறினேன். மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஆபீசரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சார், அந்தப் பெட்டி பழசுங்க. சம்பந்தி பக்கத்துல இருந்தாருங்க, வாய் தவறிப் புதுசுன்னுட்டேன். மாத்தி எழுதிக்கங்க."

ஆபீசருக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்கூட வந்தது போலிருந்தது. "நாட்ராயன், ஒருத்தர் பொய் சொன்னா அதைப் பதிவு செய்ய எங்க கையில ஃபாரம் உண்டு. பொய்யை உண்மையாக்கறதுக்கு வேற ஃபாரம். திருத்தல் அபேட்சைன்னு பேரு. நீங்க ஒப்பு, அதான் கையெழுத்து, போட்டுத் தந்தா, கீழே பஸ் ஸ்டாப்புல எங்க நோட்டீஸ் போர்டுல பதினைஞ்சு நாள் ஒட்டுவோம். முன்ன என்ன சொன்னீங்க, இப்ப என்ன சொல்றீங்க, ரெண்டும் பெரிய எழுத்துல. ஆட்சேபணை உள்ளவங்க வந்து சொல்லலாம்."

"யாருக்குங்க ஆட்சேபணை இருக்கப் போவுது?"

"அது ஒட்டினாத்தானே தெரியும்."

மீனாட்சிபுரம் பஸ் அந்தப் போர்டுக்கு நேராகத்தான் நிற்கும். ஃபாரத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். அன்றைக்கே அதில் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேண்டிய தேவை வந்திருக்காது. நான் என்ன செய்தேன் என்றால், மறுநாள் விடியக் கிளம்பிப் பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறி மாறி மூணாருக்குப் போனேன். சுவக்கீனிடம் நம்பர் இருக்கும். நம்பர் கிடைத்துவிட்டால் பழசு புதுசு பேச்சே எழாது என்று கணக்குப் போட்டேன்.

மாட்டுப்பட்டிக்குப் போகிற ரோட்டோரம் தகரக்கூரை வீடு. சுவக்கீன் மழைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் ஒரு பம்பு செட்டைப் பிரித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க புண்ணாக்குக்காரரே. பொட்டி பாடுதா?" என்றார்.

"பாடிட்டுத்தான் இருந்துச்சுங்க."

"பின்பக்கம் வால்வு சூடாவும். மேல துணி கிணி போட்டு மூடப்பிடாதுன்னு சொன்னேனே, மூடலியே?"

"இல்லீங்க." சாக்குப் போட்டு மூடிச் சீல் வைத்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது. "லைசென்ஸ் நம்பர் வேணுமுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

"நம்பரா?" அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். "நம்பரு பொட்டிக்குள்ளதான இருக்கு."

லைசென்ஸ் புத்தகம் எஸ்டேட் லயத்து வீடு ஒழுகியதில் ஊறிப் போய்விட்டதாம். மிச்சமிருந்த முதல் தாளை மட்டும் வெட்டி, மைதா மாவில் மயில்துத்தம் கலந்து பசை காய்ச்சி, பெட்டியின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். துத்தம் போட்டால் கரப்பான் தின்னாது. ஃபேக்டரியில் எந்த மெஷினுக்கும் அதன் நம்பரை மூடிக்குள்ளேதான் ஒட்டுவார்களாம். மெஷின் இருக்கிறவரை நம்பர் தொலையாது.

"உங்களுக்கு மனப்பாடமா இருக்குங்களா?"

"மனசுல நிக்கும்னா எதுக்கு ஒட்டுதேன்? மறந்துபோவும்னுதான ஒட்டுனேன்" என்றார்.

அவர் மனைவி சந்தனமேரி கட்டன் டீயும் அவித்த கப்பைக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தார். பெட்டி இப்போது என் அக்கா மகளுக்குச் சீராகப் போயிருக்கிறது என்றதும் அந்த அம்மாள் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல காரியம் செஞ்சீக. நாங்க கண்ணும் கருத்துமா வச்சிருந்த பொட்டி. பழசுன்னு சொல்லித்தான குடுத்தீக? நாளப்பின்ன புள்ளைய யாரும் ஒண்ணு சொல்லிரப்பிடாது."

"சொல்லித்தானுங்க குடுத்தேன்."

உள்ளே போய் ஒரு பொட்டலம் ஏலக்காய் எடுத்துவந்து, "புள்ளைட்ட குடுங்க, பொட்டிக்காரி குடுத்தான்னு சொல்லுங்க" என்று என் கையில் வைத்தார். உடுமலை வரைக்கும் சட்டைப்பையில் மணத்துக்கொண்டே வந்தது. கமலாத்தாளிடம் கொடுத்தேன். யார் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை.

நம்பர் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ள இரண்டு நாள், எட்டு பஸ். போனால் போகிறது, இப்போது சாக்கை அவிழ்த்தால் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது எனக்கு வயசு நாற்பத்தாறு, அந்த வயசிலும் அப்படி நினைக்கிற பழக்கம் போயிருக்கவில்லை.

"சீலை உடைக்க முடியாது" என்றார் ஆபீசர்.

"நம்பர் உள்ளதானுங்க இருக்குது."

"இருக்கட்டும். சீல் எதுக்கு வைக்கிறோம்? உள்ளே இருக்கறது வெளியே வராம இருக்க. நம்பர் உள்ளே இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அது வெளியே வரலைன்னும் சொல்றீங்க. அப்ப சீல் அதோட ஜோலியை ஒழுங்கா செய்யுது. ஜோலி செய்யற ஒண்ணை நான் எந்த நியாயத்துல உடைக்கறது?"

சீல் உடைக்க ஒரு மனு உண்டு. செபாஸ்டின் எடுத்துக் கொடுத்தான். முதல் காலம், லைசென்ஸ் எண்.

அவன்தான் நாலு நாள் கழித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஆபீஸ் எலி ஒன்று சாக்கைப் பின்பக்கம் கடித்து ஓட்டை போட்டிருந்தது. ஆபீசர் அந்த ஓட்டையை வெகுநேரம் ஆராய்ந்துவிட்டு, இது அலுவலகத்தால் போடப்பட்டது அல்ல, 'இயற்கைத் துவாரம்' என்று ஃபைலில் எழுதினார். இயற்கைத் துவாரத்தின் வழியாகப் பார்ப்பதைத் தடுக்க விதி இல்லை. என்னைத் தரையில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். செபாஸ்டின் டார்ச் அடித்தான். ரேடியோவின் பின்மூடியில் காற்றுக்காக வட்ட வட்டமாகத் துளைகள் உண்டு. அதில் ஒன்றின் வழியாக ஒரு பழைய தாளின் மூலை தெரிந்தது. மூலையில் ஓர் எண்.

"ஏழுங்க" என்றேன்.

ஆபீசரும் படுத்துப் பார்த்தார். செபாஸ்டினும் பார்த்தான். மூன்று பேரும் வேட்டி, பேன்ட்டெல்லாம் தூசியோடு எழுந்து நின்றோம். 'ஐந்து இலக்கங்களில் ஓர் இலக்கம் கண்டுபிடிக்கப்பட்டது, பணி இருபது சதவீதம் நிறைவு' என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. இதுவரை எந்தக் கிளையும் ஓர் இலக்கத்தைக்கூடக் கண்டுபிடித்து அனுப்பியதில்லையாம். மேலிடம் பூரித்துப் போய்விட்டது. மீதி நாலு இலக்கங்களையும் பொதுமக்கள் முன்னிலையில் கண்டுபிடித்து, எல்லைப்புற மக்களுக்கு ஒரு விழிப்புணர்வாகச் செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஆடி இருபத்தெட்டு, காலை பத்து மணி. கொடுத்தவர், பெற்றவர், பெற்றவரின் குடும்பத் தலைவர் மூவரும் கட்டாயம் வர வேண்டும்.

"மாடியிலயே வச்சுக் கமுக்கமா பார்த்துக்கலாமுங்களே சார்" என்று கெஞ்சினேன்.

"கமுக்கமா செய்யறதுக்கு நாங்க என்ன கள்ளனுங்களா?" என்றார் அவர்.

என் கடை வாசலில் பந்தல் போட்டார்கள். பொள்ளாச்சியிலிருந்து மைக் செட் வந்தது. ரேடியோ ஆபீஸ் ஆயிற்றே, ஒலிபெருக்கி இல்லாமல் எப்படி. அன்று பார்த்துச் சந்தைக்குப் போகிற ஜனம் முழுக்க நின்று வேடிக்கை பார்த்தது. மீனாட்சிபுரத்திலிருந்து வெள்ளிங்கிரி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, சொந்தக்காரர்கள் நாலைந்து பேரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கமலாத்தாள் அவள் அம்மாவோடு பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேஜை மேல் சாக்கு இருந்தது.

ஆபீசர் மைக்கில் அரைமணி நேரம் பேசினார். "இந்த ஒரு செட்டுக்காக நானும் என் ஆபீசும் முப்பத்தெட்டு நாள் வேலை செஞ்சிருக்கோம். நாற்பத்தொரு கடிதம். ரெண்டு பதிவேடு தீர்ந்து போச்சு. சில பேர் கேக்கறாங்க, ஒரு நம்பரை எடுக்க இவ்வளவு பாடோன்னு. நான் கேக்கறேன், பாடில்லாம எடுத்தா அதுக்குப் பேரு நம்பரா? ஒரு பழைய பேப்பர் துண்டு, அவ்வளவுதான். நாங்க பாடுபட்டதாலதான் அது நம்பர்." ஜனங்கள் கை தட்டினார்கள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை, நானும் தட்டினேன்.

சீல்களை ஒவ்வொன்றாக எண்ணி உடைத்தார்கள். பின்மூடியைத் திருப்புளி போட்டுக் கழற்றினான் செபாஸ்டின். உள்ளேயிருந்து கரப்பான் கூடு இரண்டு, கொஞ்சம் தேயிலைத் தூசி, ஒரு பழைய மாதாபடம் மேஜை மேல் விழுந்தன. தேயிலைத் தூசி எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் ரேடியோவோடு வருவதில்லை. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஆபீசர் மூடியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு மைக்கில் படித்தார். "எண், நாலு ஒண்ணு ஆறு மூணு ஏழு." நிறுத்தினார். பிறகு நிறுத்தாமல் தொடர்ந்தார். "உரிமம் பெற்றவர் சுவக்கீன், ஃபிட்டர். வழங்கிய வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தேழு."

வெள்ளிங்கிரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "எம் மருமகளுக்கு மூணு வயசு இருக்கறப்ப வாங்குன பெட்டிங்களா இது?" என்று மெதுவாகக் கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பெட்டியைப் பார்த்துத்தான் கேட்டார்.

ஆபீசர் என் பழைய ஃபாரத்தைத் தூக்கிக் காட்டினார். "கொடுத்தவர் வாக்குமூலம், பெட்டி புதியது. கண்டெடுத்த ஆதாரம், பெட்டி பழையது. முரண் வந்தா பெற்றவர் சொல்றதுதான் முடிவு. இது எங்க சட்டம். பெற்றவர் முன்னால வரணும்."

கமலாத்தாள் வந்தாள். மைக்கைத் தள்ளி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"இந்தப் பெட்டி உங்களுக்குப் புதுசுன்னு தந்தாரா, பழசுன்னு தந்தாரா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. "பழசுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள். சந்தை ரோடு முழுக்க அவள் குரல் கேட்டது. "நாந்தானுங்க பழசே போதும்னு மாமாகிட்டக் கேட்டு வாங்கிட்டேன். ஊட்ல புதுசுன்னு சொல்லீருங்கன்னு சொன்னதும் நாந்தானுங்க."

"ஏனாத்தா அப்படிச் சொன்ன?" என்றார் வெள்ளிங்கிரி.

"நீங்க எளப்பமா நெனச்சுக்குவீங்கன்னுதானுங் மாமா."

அவளுக்குப் பெட்டி பழசென்று முன்பே தெரியுமா, அந்த நிமிஷத்தில்தான் தெரிந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. அவள் என்னிடம் அப்படிக் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். எழுந்து, அந்தப் பிள்ளை சொல்கிறது பொய், செய்தது நான் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். மைக்கும் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. உள்ளுக்குள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்பாடா என்றுகூட இருந்தது.

ஆபீசர் முகத்தில் அப்படியொரு பிரகாசம். "பார்த்தீங்களோ? பரஸ்யமா, நாலு பேர் முன்னால கேட்டா சத்தியம் தானா வரும். முப்பத்தெட்டு நாளா இந்த மனுஷர்கிட்ட நான் கேட்டும் ஃபாரத்துல ஏறாத சத்தியம் இந்தக் குட்டி வாயில வந்திட்டுது. இதுக்குத்தான் இப்படி ஒரு ஆபீஸ் வேணும்."

செபாஸ்டின் எல்லாவற்றையும் எழுதினான். பெற்றவர் தானே பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி, தன் குடும்பத்தாரிடம் புதியது என்று கூறச் செய்தார். கமலாத்தாள் படித்துப் பார்த்து, சின்ன வகுப்பில் நான் எழுதப் பழக்கிய அதே முத்து முத்தான எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். பெட்டியை விடுவிக்க உத்தரவாயிற்று.

வெள்ளிங்கிரி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "செரி, பெட்டிய எடுத்துட்டு நட ஆத்தா. மிச்சத்த ஊட்ல போயி பேசிக்கலாம்." அக்கா செல்லாத்தாள் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு அழுதாள். மகள் பொய்க்காரி ஆனதற்கு அழுதாள் என்றுதான் சபை நினைத்தது. கமலாத்தாள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். யாரையும் தூக்க விடவில்லை.

நான் அவள் பின்னால் ஓர் அடி எடுத்து வைத்தேன். ஆபீசர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நாட்ராயன், ஒரு ஒப்பு பாக்கியுண்டு. அந்தப் பொண்ணு சொன்னது சத்தியம்னு, விவரம் தெரிஞ்ச ஒருத்தர் சாட்சி போடணும். உங்களைவிட விவரம் தெரிஞ்சவர் ஆரு? அவ சொன்னது நேர்தானே?"

மீனாட்சிபுரம் பஸ் வந்து நின்றது. அவள் படியில் கால் வைத்து, அங்கிருந்தே என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நேருங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.